சத்திரசிகிச்சைப் புண்ணும் கிருமித்தடையும்: ஒரு வரலாற்று நோக்கு

இருதயத்தைத் திறந்து சீராக்கும் கலை இருபதாம் நூற்றாண்டின் பெருஞ் சாதனைகளுள் ஒன்றாகும். 1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் யோன் கிபன் என்னும் வைத்தியர், இருதயத்தினதும் நுரையீரலினதும் தொழிலை இயந்திரமொன்றிடம் ஒப்புவித்து, 18 வயது மங்கை ஒருத்தியின் இருதயத்திலிருந்த துவாரத்தை மூடினார். இவ்வியந்திரத்தை வியப்போர் பலர். அறுத்த புண் சீழ் பிடிப்பின் அவ்வளவு திறமையும் வீணாகும் என்பதை எண்ணுவோர் சிலரே. புண்ணைக் காத்த வரலாறோ இயந்திரத்தின் வரலாற்றிலும் பழையது.

1847இல் வியன்னா நகரப் பொது வைத்தியசாலையிற் பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சலால் மடிந்தமையை இக்னாஸ் செம்மெல்வைஸ் ஆராய்ந்தார். பிணங்களை அறுத்துச் சோதித்த மாணவர், அதே கைகளுடன் தாய்மாரைத் தீண்டியதே காரணம் எனக் கண்டு, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவும்படி பணித்தார். அவ்வாண்டு ஏப்பிரலில் நூற்றுக்கு 18 ஆயிருந்த மரணம், சில மாதங்களுள் 2 அளவிற்குக் குறைந்தது. எனினும், தம் கைகளே நோயைக் கொணர்ந்தன என்பதை ஏற்க வைத்தியர் பலருக்கு மனமிருக்கவில்லை.

அழுகலுக்கு நுண்ணுயிர்களே காரணம் எனப் பாஸ்ரர் நிறுவியதைக் கற்ற யோசப் லிஸ்ரர், 1865 ஓகஸ்து 12இல் கிளாஸ்கோவிற் கால் முறிந்து புண்பட்ட 11 வயதுச் சிறுவனின் காயத்திற்குக் காபோலிக்கமிலம் தோய்ந்த துணியைக் கட்டினார். காயம் சீழின்றி ஆறியது. மறுநாள் செம்மெல்வைஸ், காயமொன்றிற் பற்றிய தொற்றினாலேயே உயிர் துறந்தார். உறுப்பு நீக்கஞ் செய்யப்பட்ட 35 பேருள் 16 பேர் முன்பு இறந்தனர் என்றும், புதிய முறையின்பின் 40 பேருள் அறுவரே இறந்தனர் என்றும் லிஸ்ரர் 1870இல் எடுத்துக்காட்டினார்.

1896இல் யேர்மனியின் பிராங்போட் நகரில் லுட்விக் றேன், கத்திக்குத்துண்ட இருதயத்தைப் பட்டுநூலால் தைத்தார். தையல் நிலைத்தது, ஆயின் நெஞ்சறையிற் சீழ் கட்டியது. அதனை வடித்த பின்னரே நோயாளி தேறினார். இருதயத்தைத் தைப்பதிலும் அதன் அயலைத் தூய்மையாக வைத்திருப்பதே அரிது என்பதனை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இருதய சத்திரசிகிச்சையில் இத்தொல்லை பெரிதாதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் மார்பெலும்பை நெடுக்காகப் பிளந்து, பின்னர் உருக்குக் கம்பியாற் பிணைப்பர். அப்பிளவினுட் கிருமி புகுந்தால் அதனையடுத்திருப்பது இருதயமே. பெனிசிலின் முதலிய மருந்துகள் வந்தபின்னும், அவற்றை எப்போது கொடுப்பது என்பது தெளிவாயிருக்கவில்லை. 1961இல் யோன் பேர்க் என்பார் கினிப் பன்றிகளிற் செய்த சோதனைகள், கிருமி புகுமுன் மருந்து உடலிற் சேர்ந்திருப்பின் பெரும்பயன் விளையும் என்றும், மூன்று மணி நேரஞ் சென்றபின் கொடுப்பின் பயனில்லை என்றும் காட்டின.

இன்று கைக்கொள்ளப்படும் முறைகள் இவ்வறிவின் வழிவந்தவையே. சவரக்கத்தி தோலிற் சிறு கீறல்களை ஆக்குமாதலின், மயிரை நீக்கவேண்டின் கத்தரிக்கும் பொறியையே பயன்படுத்துவர். மூக்கினுள் வாழும் ஸ்ரபிலோகொக்கசுக் கிருமியைக் களிம்பினால் முன்னரே ஒழிப்பர். தோலை மதுசாரங் கலந்த குளோரெக்சிடீனாற் துடைப்பர். நுண்ணுயிர்கொல்லி மருந்தை, அறுப்பதற்கு முந்திய ஒருமணி நேரத்துள் பெரும்பாலும் ஏற்றுவர். குருதியிற் சர்க்கரை மிகாதபடி காப்பர்; அது மிகுந்தால் கிருமியை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் தளரும்.

இவற்றுள் ஒன்றேனும் கிபனின் இயந்திரம்போற் கண்ணைக் கவர்வதன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையும் தவறாது செய்யப்பட வேண்டியது. ஒருநாள் தவறினும் அதன் பயனை அனுபவிப்பவர் நோயாளியே. வியன்னாவிற் செம்மெல்வைஸ் வேண்டியதும் இத்தகைய எளிய ஒழுங்கு ஒன்றையே. அதனை அன்று மறுத்தோர் அறிவிற் குறைந்தவரல்லர். தம் கையிலும் பிழையிருக்கலாம் என எண்ணத் துணியாதவரே.