கித்தாவுக்கு முன்னால் கிள்ளான்: துறைமுகப் பட்டணத்தில் நம்மவர் பார்த்த வேலைகள்

"உங்க பாட்டனாரோட அப்பா இங்கே என்ன வேலைக்கு வந்தார்?" என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் பதில்: "பால்மரம் வெட்ட."

இருபதாம் நூற்றாண்டில் வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காஜாங்கின் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் கித்தா நட்டது 1890களின் நடுவில்தான். அது பெரிய தொழிலாக வளர்ந்தது 1900-க்குப் பிறகு. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலோ 1873-இலேயே தொடங்கிவிட்டது. அப்படியென்றால், கித்தா இல்லாத அந்தக் காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்த தமிழர்கள் என்ன பிழைப்புப் பார்த்தார்கள்?

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஈயம்

கிள்ளான் நகரில் கெடோங் ராஜா அப்துல்லா என்ற பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. ஈயத்தைச் சேமித்து வைக்க 1857-இல் கட்டப்பட்டது. அதே ஆண்டில் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை ஈயம் தேடி ஆற்றின் மேற்பகுதிக்கு, அம்பாங் பக்கம் அனுப்பினார். ஒரே மாதத்தில் 69 பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது. எஞ்சியவர்கள் 18 பேர். கோலாலம்பூர் என்ற ஊரே அந்த முயற்சியிலிருந்து முளைத்ததுதான்.

'கெடோங்', 'குடாங்' என்ற மலாய்ச் சொற்கள் நம்ம 'கிடங்கு' என்பதிலிருந்து வந்தவை என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'கோடவுன்' என்பதும் அதே வழிதான். கடை 'கெடாய்' ஆனது, கப்பல் 'கப்பால்' ஆனது, வியாபாரத்தில் போடும் முதல் 'மோடால்' ஆனது. நான்குமே துறைமுகத்தில் புழங்கும் சொற்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆற்று வழியாக ஈயம் கீழே வரும். அரிசி, எண்ணெய், துணி, இரும்புச் சாமான் மேலே போகும். கிள்ளானின் எல்லாப் பிழைப்பும் இந்தப் போக்குவரத்தைத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகரை 1880-இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றிய பிறகும் அது குறையவில்லை. கப்பல் நிற்கும் இடம் கிள்ளான்தானே!

மாட்டுவண்டியிலிருந்து ரயிலுக்கு

படகுகள் ஆற்றில் டாமன்சாரா வரை போகும். அங்கிருந்து கோலாலம்பூருக்குச் சடக்கு வழி, மாட்டுவண்டிதான். இன்று நாம் நெரிசலில் மாட்டிக்கொண்டு முணுமுணுக்கும் ஜாலான் டாமன்சாரா என்ற பெயரில் அந்த வண்டிப்பாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டியோட்டிகளில் தமிழர்கள் பலர். ஒரு வண்டி ஓடினால் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை: லாடம் அடிக்க ஆள் வேண்டும், சக்கரம் செய்யத் தச்சர் வேண்டும், புல் அறுக்க, மாடு பராமரிக்க, பால் கறந்து விற்க என்று பின்னால் ஒரு கூட்டமே பிழைக்கும்.

1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. புக்கிட் கூடா ஆற்றின் எதிர்ப்பக்கம். 1890-இல் கன்னாட் பாலம் வந்த பிறகுதான் ரயில் கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. மாட்டுவண்டி உடனே ஒழிந்துவிடவில்லை. நெடுந்தூர ஓட்டம் போய், சுரங்கத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே குறுந்தூர ஓட்டமாக மாறியது.

பிரிக்பீல்ட்ஸ் கதையும் இதே பத்தாண்டுதான். 1881-இல் கோலாலம்பூரை முதலில் தீயும் பிறகு வெள்ளமும் அழித்தன. அத்தாப்புக் கூரை வீடுகள் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் சுவெட்டன்ஹாம் நெருக்கினார். செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். சூளைத் தொழில் சீனர்கள் கையில் இருந்தது. பின்னால் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக மாறியபோதுதான் அது நம்மவர் பேட்டை ஆனது. தண்டவாளம் போட்டவர்களில் தமிழகத்துக் கூலியாட்கள் இருந்தார்கள். நிலையத்திலும் அலுவலகத்திலும் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் உட்கார்ந்தார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி சம்பளத்தில் மட்டும் இருந்ததில்லை. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதும் இல்லை.

தரையில் உட்கார்ந்த வங்கி

அந்தக் காலத்துத் தொழில்களிலேயே மிகவும் நுணுக்கமாக நடந்தது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டித் தொழில். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1820களிலேயே வந்துவிட்டவர்கள், ஈயம் போன பாதையிலேயே சிலாங்கூருக்கும் வந்தார்கள். கோலாலம்பூரில் லெபோ அம்பாங் அவர்களுடைய தெரு.

தொழில் நடந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். மேலே சொன்ன கிடங்கின் உறவுக்காரச் சொல்தான். நீளமான ஒரே கூடம், குறுக்கே சுவர் இல்லை. ஒரே கூரையின் கீழ் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் தரையில் கொஞ்சம் இடம், ஒரு பாய், சாய்வான மேசைப்பெட்டி, பணமும் பத்திரமும் வைக்க ஒரு மரப்பெட்டகம். அவ்வளவுதான் வங்கி! இரவில் அதே இடத்தில் படுத்துக்கொள்வார்கள். சமையலுக்குப் பொதுவாக ஓர் ஆள்.

கடையை நடத்தும் மேலாள் பெரும்பாலும் முதலாளி அல்லர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள் பொதுவாக மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வருவார். மனைவி மக்கள் ஊரில். தவணை முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே தொழில் பழகும் பெட்டியடிப் பையன். குறிப்பு, பேரேடு எல்லாம் தமிழில். கடைக்கு விலாசம் என்பது தகப்பன், பாட்டன் பெயர்களின் முதலெழுத்துக்கள். ஊரார் அந்த எழுத்துக்களை வைத்தே கடையை அடையாளம் சொல்வார்கள். வருமானத்தில் ஒரு பங்கு மகமையாகக் கோயிலுக்குப் போகும். செட்டியார்கள் தொழில் நடத்திய ஊர்களில் தண்டாயுதபாணி கோயில் இருப்பது அதனால்தான்.

கடன் வாங்கியவர்கள் யார்? சீனச் சுரங்கக்காரர், சில்லறைக் கடைக்காரர், நிலம் வைத்திருந்த மலாய்க்காரர், சம்பளத் தேதி வரை தாக்குப்பிடிக்க முடியாத அரசாங்கக் கிராணி. சார்ட்டர்ட் வங்கி 1888-இல் கோலாலம்பூருக்கு வந்தது. ஆனால் சின்ன வியாபாரி அதன் படியேற முடியாது. அந்த மாதிரி வங்கியிடம் செட்டியார் கடன் வாங்குவார், அதைச் சின்ன வியாபாரிக்குக் கூடுதல் வட்டிக்குக் கொடுப்பார். கதைகளிலும் படங்களிலும் செட்டியார் வில்லனாகவே வருகிறார். வட்டி கடுமைதான், மறுக்கவில்லை. அடமான நிலம் கைமாறியதும் உண்மை. மலாய்க்காரர் நிலங்கள் இப்படிப் போய்விடுமோ என்ற அச்சம் 1913-இன் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்துக்கு ஒரு காரணம். ஆனால் கையில் முதல் இல்லாத ஒருவர் கடை திறக்க அன்றைக்கு வேறு கதவும் அதிகம் இல்லை.

பேனா பிடித்தவர்கள்

1875-இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் ரெசிடென்டாகக் கிள்ளானுக்கு வந்தபோது, சிங்கப்பூரில் பிறந்த தம்புசாமிப் பிள்ளையும் உடன் வந்தார். முன்னர் டேவிட்சனின் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர், வயது 25. கருவூலத்தில் வேலை பார்த்து, தற்காலிகமாக மாநிலப் பொருளாளர் பொறுப்பையும் வகித்தார். பிறகு லோக் யூவுடன் கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். இந்நாட்டில் சுரங்க நீரை இறைக்க மின்சாரத்தை முதலில் பயன்படுத்தியவர்கள் அவர்கள். பத்துமலைக் கோயிலோடு அவர் பெயர் இணைந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

யார் பெயர் நின்றது?

ஒப்பிட்டுப் பாருங்கள். அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் துறைமுக நகரமான டண்டீயில், வங்காளத்துச் சணலை இறக்கி நெய்துகொண்டிருந்தார்கள். அந்நகரின் தொழில் விவரக் கையேடுகளில் செருப்புத் தைப்பவர், ரொட்டிக் கடைக்காரர் என்று தெருவாரியாகப் பெயர் இருக்கும். கொள்ளுத்தாத்தா எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார் என்று இன்றைக்கும் தேடிப் பார்க்கலாம். நம்ம பக்கத்துக் கையேடுகளில் அரசு அதிகாரிகள், பெரிய கம்பெனிகள், தோட்டங்கள் இருந்தன. வண்டியோட்டியும் சலவைத் தொழிலாளியும் மூட்டை தூக்கியவரும் எந்தப் பக்கத்திலும் இல்லை. தம்புசாமிக்குக் கோலாலம்பூரில் ஒரு சாலை உண்டு. மற்றவர்கள் எண்ணிக்கையாகவே பதிவானார்கள்.

காப்பி வந்தது, துறைமுகம் நகர்ந்தது

1890களில் கிள்ளானைச் சுற்றி லைபீரியக் காப்பித் தோட்டங்கள் பெருகின. கங்காணியும் லயமும் இங்கே கித்தாவுக்கு முன்பே, காப்பியோடு வந்துவிட்டன. பத்தாண்டு முடிவதற்குள் பிரேசில் காப்பி குவிந்து விலை சரிந்தது. அந்த நிலத்தில்தான் பிறகு கித்தா ஏறியது.

ஆற்றுத்துறையிலும் சிக்கல். சுமார் 4 மீட்டருக்கு மேல் ஆழம் தேவைப்பட்ட கப்பல்கள் கிள்ளானுக்கு வர முடியவில்லை. ஆகவே ஆற்றின் முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் கட்டப்பட்டு, 1901 செப்டம்பர் 15-இல் திறக்கப்பட்டது. சதுப்பு நிலம், கொசு. இரண்டே மாதத்தில் மலேரியாவால் மூட வேண்டியதாயிற்று. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதை நம்பிச் சதுப்பை வடிகட்டினார் கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன். காடு வெட்டி, வாய்க்கால் தோண்டி நீரை வடித்ததும் காய்ச்சல் குறைந்தது, துறைமுகம் பிழைத்தது. 1857-இல் 69 உயிரைக் குடித்த அதே காய்ச்சல்.

பெரிய கப்பல்கள் அங்கே போய்விட, கிள்ளான் ஆற்றுத்துறையின் சுமை தூக்கும் வேலையும் பின்னாலேயே போனது. 1972-இல் போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. நம்ம வாயில் அது கோலக்கிள்ளான்.