எம்ஜிபி காரில் பின் டிரம் பிரேக் பிடித்துக்கொள்ளுதல்

மிதியிலிருந்து காலை எடுத்து, ஹேண்ட் பிரேக்கையும் விடுவித்த பின்னரும் பின் சக்கரத்தின் பிரேக் ஷூக்கள் டிரம்மை விட்டு விலகாமல் உரசிக்கொண்டிருக்கும் பழுது இது. இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை உருவான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் 10 அங்குல டிரம் பிரேக். பழுது வந்தால் வண்டி ஓடத் திணறும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் டிரம்மில் கை வைக்க முடியாது.

ஒவ்வொரு பின் சக்கரத்திலும் இரண்டு ஷூக்களும், அவற்றை விரித்துத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்றும், திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்குகளும் உள்ளன. கால் பிரேக்கின் எண்ணெய் அழுத்தமும் ஹேண்ட் பிரேக்கின் கேபிளும் இதே ஷூக்களைத்தான் நகர்த்துகின்றன. எது பிடித்து வைத்திருக்கிறது என்று அறியாமல் பாகங்களை மாற்றத் தொடங்குவது பணத்துக்கும் உழைப்புக்கும் கேடு.

முன் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, பின் அச்சை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். லேசான உரசல் ஒலி குற்றமில்லை. கை வலிக்கச் சுற்ற நேர்ந்தால் பழுதுதான். முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைச் சக்கரத்தருகே கழற்றுக. சக்கரம் விடுபட்டால் குறை கேபிளில்: உள்ளே துருப்பிடித்திருக்கும், அல்லது அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கும். இரண்டாவதே அடிக்கடி காண்பது. லைனிங் தேய்ந்து ஹேண்ட் பிரேக் உயரமாக வரும்போது, ஷூக்களைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் இறுக்கிவிடுகிறார்கள். அதன்பின் ஷூக்கள் தம் இருப்பிடத்துக்குத் திரும்புவதே இல்லை.

கேபிளைக் கழற்றியும் பிடி விடாவிட்டால், சக்கரம் பிடித்திருக்கும் நிலையிலேயே பிளீடர் நிப்பிளைத் திறக்க வேண்டும். எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் குழாயில் அழுத்தம் சிக்கியிருக்கிறது. உடலிலிருந்து பின் அச்சுக்கு வருவது ஒரே ரப்பர் ஹோஸ். அது உட்புறம் வீங்கினால் ஒருவழிக் கதவு போல எண்ணெயைப் போக விட்டுத் திரும்ப விடாது. அப்போது பின் சக்கரங்கள் இரண்டும் பிடிக்கும். மாஸ்டர் சிலிண்டரின் திரும்புதுளை அடைபட்டாலோ, மிதியின் தள்ளுகோலில் சிறிதும் தளர்வு இல்லாவிட்டாலோ, ஒற்றைச் சுற்றுப் பிரேக் உள்ள பழைய வண்டிகளில் முன் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும்; எண்ணெய் சூடாகி விரிய விரிய இறுக்கம் கூடும். பின் பிரேக்குக்குத் தனிச் சுற்று உள்ள வண்டிகளில் இந்த அடையாளம் செல்லாது. அங்கே ஹோஸுக்கு முந்தைய உலோகக் குழாயின் இணைப்பைத் தளர்த்திப் பார்க்கலாம்: சக்கரம் விடுபட்டால் குறை மாஸ்டர் சிலிண்டர் பக்கம், விடுபடாவிட்டால் ஹோஸில்.

நிப்பிளைத் திறந்தும் பயனில்லை என்றால் டிரம்மைக் கழற்றியே ஆக வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியைக் காற்றால் ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவில் சிக்கியிருப்பது வழக்கம். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுவதே காரணம். தவறிப்போய் மினரல் எண்ணெய் ஊற்றியிருந்தால் ரப்பர் சீல்கள் ஊதிப்போயிருக்கும். களைத்த ஸ்பிரிங்குகளை மாற்றுவது எளிது. பலர் பார்க்கத் தவறும் இடம் பின்தட்டு: ஷூக்களின் ஓரம் அமரும் மேடுகளில் பள்ளம் விழுந்தால் ஷூ அதில் மாட்டி நிற்கும். அவற்றைச் சமன்செய்து, வெப்பம் தாங்கும் கிரீஸை மெலிதாகத் தடவுவது போதும். தட்டின் வழியே வரும் ஹேண்ட் பிரேக் நெம்புகோலும் தடையின்றி அசைய வேண்டும்.

மீண்டும் பூட்டியபின் வரிசை முக்கியம். கேபிள் தளர்ந்திருக்கும்போதே பின்தட்டின் சதுரத்தலை அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும்வரை வலஞ்சுழியாகத் திருப்பி, ஷூக்களை மையப்படுத்த மிதியை அழுத்திவிட்டு, சக்கரம் தாராளமாகச் சுழலும்வரை அட்ஜஸ்டரைத் திரும்பத் தளர்த்த வேண்டும். கேபிளின் முறை அதற்குப் பிறகே. குழாயைத் திறந்திருந்தால் காற்றை வெளியேற்றி, மிதி உறுதியாக இருப்பதைப் பார்த்த பின்பே வண்டியைச் சாலைக்கு எடுக்கலாம்.