போவி கத்தியின் முதல் வடிவம்: தார்ப் வாசிப்பு குறித்து ஒரு மறுப்பு

கைவினை வேட்டைக் கத்திகளைச் சேகரிப்போருக்குப் போவி கத்தி என்றதும் நினைவுக்கு வருவது ஒரே உருவம்: முனையருகே முதுகு உள்வளைந்து, அந்த வளைவும் தீட்டப்பட்டு, பிடிக்கு முன்னால் குறுக்குக் காப்பு கொண்ட பெரிய கத்தி. அதை உருவாக்கியவர் ஆர்கன்சாவின் வாஷிங்டன் ஊர்க் கொல்லர் ஜேம்ஸ் பிளாக் என்று 1948இல் நூலெழுதி வாதிட்டவர் ரேமண்ட் தார்ப். அந்த முடிவை ஏற்க முடியாது.

தார்ப்பின் முக்கியச் சாட்சி ஆர்கன்சாவின் முன்னாள் ஆளுநர் டேனியல் ஜோன்ஸ். பார்வையிழந்த பிளாக்கை ஆதரித்தது இவருடைய குடும்பம். 1870இல் முதியவர் பிளாக் தம் எஃகுப் பதத்தின் இரகசியத்தைச் சொல்ல உட்கார்ந்தார்; எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஜோன்ஸ் இதை எழுதியது 1903இல். தம் தொழிலின் உயிர்நாடியையே மறந்துவிட்ட ஒருவரின் நினைவை, கத்திக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் போவி வந்து கத்தி செய்யச் சொன்ன கதைக்கு மட்டும் எப்படி முழுமையாக நம்புவது? போவி அவரிடம் வந்தது 1830 டிசம்பரில் என்பார்கள். கத்திச் சண்டைக்காரர் என்று போவிக்குப் பெயர் வாங்கித் தந்த மணல்திட்டுச் சண்டையோ 1827 செப்டம்பர் 19இலேயே முடிந்துவிட்டது.

பிளாக்குக்குச் சாதகமாக 1841ஆம் ஆண்டின் உள்ளூர்ச் செய்தித்தாள் குறிப்பு ஒன்று உண்டு. அதை ஒதுக்க முடியாது. ஆனால் அது அவருடைய சொந்த ஊர்ப் பத்திரிகை.

அதற்கு மூன்றாண்டு முன்பே, 1838 ஆகஸ்டில், ஜேம்ஸ் போவியின் அண்ணன் ரெசின் போவி பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். முதல் கத்தியை லூசியானாவின் அவோயல்ஸ் பகுதியில் தாமே செய்ததாகவும், பல ஆண்டுகள் அது வேட்டைக்கு மட்டுமே பயன்பட்டதாகவும் அதில் சொல்கிறார். அளவும் தருகிறார்: நீளம் ஒன்பதேகால் அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம், ஒரே பக்கம் வாய், வளைவு இல்லை. பின்னாளில் வந்த மெருகெல்லாம் தேர்ந்த கத்திக் கொல்லர்களின் வேலை, தமக்கு அதில் பங்கில்லை என்கிறார். பெருமை தேடுபவர் இப்படி விட்டுக்கொடுப்பதில்லை.

இரும்பும் இதையே சொல்கிறது. ரெசின் பரிசளித்த கத்திகளில் இரண்டு முக்கியமானவை: பிலடெல்பியாவின் ஹென்றி ஷைவ்லி செய்தது, பேட்டன் ரூஜின் டேனியல் சியர்ல்ஸ் செய்தது. இரண்டிலும் முதுகு ஏறக்குறைய நேர். உள்வளைந்த முனை கிடையாது. கசாப்புக் கத்தியைப் போல, முதுகில் விரலை அழுத்தி இறைச்சி அறுக்க ஏற்ற வடிவம் இது. முதுகையும் தீட்டிவிட்டால் விரல் வைக்க இடமேது? அது குத்துவதற்கான மாற்றம்.

சியர்ல்ஸ் கத்தியின் பரிசளிப்புப் பொறிப்பு கூர்ந்து படிக்க வேண்டியது. பெறுபவர் ஃபௌலர் என்ற அதிகாரி. பெயரை அடுத்து ‘யு.எஸ்.டி.’ என்ற மூன்றெழுத்து. அமெரிக்க டிராகூன் குதிரைப்படையை அது குறிக்கிறது என்றே கொள்ள வேண்டும். அந்தப் படை அமைந்தது 1833இல். ஆகவே, 1830 வாக்கில் என்று பலர் தரும் காலம் பொறிப்புக்குப் பொருந்தாது. இரும்பு பழையதாக இருந்து, எழுத்து மட்டும் பிறகு வெட்டப்பட்டிருக்கலாம். அதனால் கத்தி செய்யப்பட்ட ஆண்டு இன்னும் திறந்த கேள்விதான். ஆனால் 1833க்குப் பிறகும் ரெசின் தம் பெயரால் கொடுத்தது நேர்முதுகுக் கத்தியைத்தான்.

பிளாக் செய்தவையாகக் கருதப்படும் சவப்பெட்டி வடிவப் பிடிக் கத்திகள் அருமையான வேலைப்பாடு கொண்டவை. அவற்றை அவற்றின் தகுதிக்காகவே மதிக்கலாம். உள்வளைந்த முனையுள்ள கத்தியைப் ‘போவியின் மூல வடிவம்’ என்று ஏலப் பட்டியலில் அச்சிடுவதை மட்டும் விற்பவர்கள் கைவிட வேண்டும்.