உமிச்சாம்பலும் சியோலைட்டு வினையூக்கியும்: காவிரிப் படுகையின் நோக்கில் காப்புரிமைப் பரிசீலனை வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

டீசல் ஊர்திகளின் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கச் சியோலைட்டு வினையூக்கிகள் பயன்படுகின்றன. சியோலைட்டின் மூலப்பொருள்களுள் ஒன்றான சிலிக்கா, காவிரிப் படுகையின் அரிசி ஆலைகளில் உமிச்சாம்பலாகக் குவிகிறது. இத்தகைய பொருள்களுக்குத் தனியுரிமை கோரப்படும்போது, ‘முன்பே அறியப்பட்டது எது’ என்னும் வினாவே பரிசீலனையின் மையமாகிறது. அது அடிப்படையில் ஒரு வரலாற்று வினா. இந்தியச் சட்டம் அவ்வினாவைக் கேட்கும் முறை உருவான வரலாற்றையும், எழுதப்படாத வட்டார அறிவு அதில் பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காவிரிப் படுகை, உமிச்சாம்பல், சியோலைட்டு, வினையூக்கி, காப்புரிமை, மரபறிவு.

முன்னுரை

தஞ்சை வட்டாரத்தின் வரலாறு நீர்ப்பாசனம், நிலவுரிமை, கோயில் ஆகியவற்றை மையமாகக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. நெல் அரிசியான பின் எஞ்சும் உமி அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அதனை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். நன்கு எரிந்த சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு சிலிக்கா. ஆகவே 1,000 கிலோ நெல்லிலிருந்து சுமார் 200 கிலோ உமியும், அதிலிருந்து சுமார் 40 கிலோ சாம்பலும் கிடைக்கும். வயலில் நெற்பயிர் வேர்வழி உறிஞ்சிய மணற்சத்தே இச்சாம்பலாக ஆலை முற்றத்தை வந்தடைகிறது.

இச்சாம்பல் உயர்தொழில்நுட்பப் பொருளொன்றின் மூலப்பொருளாக மாறக்கூடும் என்பது வேதியியல் கூறும் செய்தி. அவ்வாறு மாறும்போது அதன்மீதான உரிமை யாருக்கு என்பதைக் காப்புரிமைச் சட்டம் தீர்மானிக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உமியைப் பற்றிய படுகையின் அறிவு

உமி படுகை மக்களுக்கு ஒருபோதும் வெறுங்கழிவாக இருந்ததில்லை. உமிக்கரி பல் துலக்கவும், சாம்பல் பாத்திரம் துலக்கவும் பயன்பட்டன. நுண்ணிய சிலிக்காத் துகளின் உராய்வுத் தன்மையே இவ்விரு பயன்பாட்டிற்கும் அடிப்படை. பொற்கொல்லர் உமித்தணலின் மெல்லிய, சீரான வெப்பத்தை நாடினர். புழுங்கல் அரிசி ஆலைகளின் கொதிகலன்களுக்கு உமியே எரிபொருளாயிற்று.

இவற்றினும் நுட்பமானது சுவாமிமலைச் சிற்பிகளின் பயன்பாடு. மெழுகு வார்ப்பு முறையில் மெழுகு உருவத்தின்மீது பூசப்படும் முதல் மண்பூச்சு, காவிரியின் மென்மையான வண்டலால் ஆனது. கருக்கிய உமி, நுண்ணிதாக நறுக்கிய பஞ்சு, சிறிது உப்பு ஆகியவற்றைக் களிமண்ணோடு சேர்க்கும் முறை, மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் 12ஆம் நூற்றாண்டு வடமொழி நூலான மானசோல்லாசத்தில் விளக்கப்பட்டுள்ளது. கருக்கிய உமி அச்சிற்கு நுண்துளைத் தன்மையைத் தருவதால், உருகிய உலோகத்தை ஊற்றும்போது வாயுக்கள் வெளியேற வழி கிடைக்கிறது. சிற்பிக்கு இவ்வறிவு கைப்பழக்கமாகவே வந்து சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறைக்கு நிறுவன வடிவம் கிடைத்தது. தஞ்சாவூர்க் கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலை சார்ந்து 1967-இல் திருவாரூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம், 1972-இல் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாயிற்று. பின்னர்த் தஞ்சாவூரில் நிலைகொண்டு, பல பெயர் மாற்றங்களுக்குப் பின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இன்று விளங்குகிறது. ஆக, உமி பற்றிய அறிவு இப்பகுதியில் இரு வழிகளில் இயங்குகிறது. ஒன்று அச்சேறிய ஆய்வறிவு. மற்றொன்று கைத்தொழிலில் உறையும் அறிவு. இவ்வேறுபாடு காப்புரிமைப் பரிசீலனையில் பெரும் விளைவுகளை உண்டாக்குகிறது.

கனிமத்திலிருந்து வினையூக்கிக்கு

சியோலைட்டு என்னும் பெயரைச் சுவீடன் நாட்டுக் கனிமவியலார் குரோன்ஸ்டெட் 1756-இல் இட்டார். சூடாக்கும்போது கொதிப்பது போல் நீராவியை வெளிவிட்டதால் ‘கொதிக்கும் கல்’ என்னும் பொருள்பட இப்பெயர் அமைந்தது. சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் ஆகியவை கூடு போல் இணைந்து மூலக்கூற்று அளவிலான வாயில்களை உருவாக்குவதே இதன் கட்டமைப்பு. தக்காணத்தின் எரிமலைப் பாறைகளில் இயற்கையாகவே பலவகைச் சியோலைட்டுகள் கிடைக்கின்றன. அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் மில்டன் உருவாக்கிய ஏ, எக்ஸ் வகைச் செயற்கைச் சியோலைட்டுகளுக்கு 1959-இலும், மோபில் நிறுவனத்தின் இசட்.எஸ்.எம்-5 வகைக்கு 1972-இலும் அமெரிக்கக் காப்புரிமைகள் வழங்கப்பட்டன.

செயற்கைச் சியோலைட்டு உருவாக்கத்திற்குக் கரையும் சிலிக்கா வேண்டும். ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பத்தில் எரிந்த உமிச்சாம்பலின் சிலிக்கா படிகமாகாமல் இருப்பதால் எரிசோடாக் கரைசலில் எளிதில் கரைகிறது. மிகுந்த வெப்பத்தில் எரிந்தால் அது படிகமாகிக் கரைவதற்குக் கடினமாகிறது. உமிச்சாம்பல் சிலிக்காவிலிருந்து மார்டினைட்டு வகைச் சியோலைட்டை உருவாக்கிய ஆய்வைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 1981-இலேயே வெளியிட்டுள்ளனர்.

ஊர்திப் புகைக்கும் சியோலைட்டுக்கும் உள்ள தொடர்பு 1980களில் வலுப்பெற்றது. தாமிரம் ஏற்றிய இசட்.எஸ்.எம்-5 நைட்ரிக் ஆக்சைடைச் சிதைக்க வல்லது என்பதை ஜப்பானிய அறிஞர் இவமோட்டோ குழுவினர் 1986-இல் காட்டினர். ஆயினும் டீசல் புகையின் நீராவியும் கடும்வெப்பமும் அக்கூட்டைச் சிதைத்தன. சாபசைட்டு என்னும் சிறுதுளைக் கட்டமைப்பு இச்சிக்கலைத் தீர்த்தது. அதன் வாயில் ஏறத்தாழ 3.8 ஆங்ஸ்ட்ராம் அகலமே உடையது. யூரியாக் கரைசலிலிருந்து கிடைக்கும் அம்மோனியா அவ்வாயிலில் நுழைந்து, நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. அமெரிக்காவில் 2009 அக்டோபரில் பி.ஏ.எஸ்.எஃப். குழுமத்திற்கு வழங்கப்பட்ட 7,601,662 எண் காப்புரிமை, தாமிரம் ஏற்றிய சாபசைட்டு வினையூக்கியைப் பற்றியது. சிலிக்கா–அலுமினா விகிதம் ஏறத்தாழ 15-க்கு மேலும், தாமிர–அலுமினிய அணு விகிதம் ஏறத்தாழ 0.25-க்கு மேலும் அமைவது அதன் மையம்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகள், கனரக டீசல் எஞ்சின்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராமிலிருந்து, நிலைவேகச் சோதனையில் 0.4 கிராமாகக் குறைத்தன. நெல் ஏற்றிச் செல்லும் புதிய சரக்குந்தும், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் புதிய பேருந்தும் இவ்விதிக்கு உட்பட்டவையே. எனவே வினையூக்கியின் உரிமையும் விலையும் படுகை மக்களின் மூச்சுக்காற்றோடும் பயணக் கட்டணத்தோடும் தொடர்புடைய பொருளாகின்றன.

சட்டம் உருவான வரலாறும் சென்னையும்

இந்தியாவில் காப்புரிமைச் சட்டம் 1856-இல் தொடங்கியது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. அதனை மறுஆய்வு செய்ய 1957-இல் அமர்த்தப்பட்டவர், அப்போது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். இராஜகோபால ஐயங்கார். 1959 செப்டம்பரில் அவர் அளித்த அறிக்கை, இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டார் கையில் இருப்பதையும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இந்நாட்டில் தொழிற்படுத்தப்படாமல் கிடப்பதையும் சுட்டியது. தனியுரிமை என்பது நாட்டிற்குப் புதிய அறிவையும் தொழிலையும் கொணர்வதற்கான விலை. பயன் கிடைக்காதவிடத்து அவ்விலையைத் தருதல் முறையன்று என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

அதன் அடிப்படையில் அமைந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. வேதிமுறையால் உருவாகும் பொருள்களுக்குக் காப்புரிமை இல்லை, உருவாக்கும் முறைக்கே உண்டு என்று அதன் 5ஆம் பிரிவு விதித்தது. செயற்கைச் சியோலைட்டு இவ்வரையறைக்குள் அடங்குவதாகும். உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைக்கு இணங்க 2005 ஜனவரி 1 முதல் அப்பிரிவு நீக்கப்பட்டது. அது முதல் வினையூக்கிப் பொருளுக்கே உரிமை கோர இயன்றது. டீசல் ஊர்திகளுக்கான சாபசைட்டு வினையூக்கிகள் உலகெங்கும் உரிமை கோரப்பட்ட காலமும் இந்த வாயில் திறந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே.

வாயிலைத் திறந்த அதே திருத்தம் 3(டி) பிரிவையும் கடுமையாக்கியது. அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், அறியப்பட்ட பயன்திறனை மிகுவிக்காதவரை, கண்டுபிடிப்பாகாது. அறியப்பட்ட பொருளின் புதிய பண்பையோ புதிய பயனையோ கண்டறிதல் மட்டும் போதாது. இப்பிரிவின் புகழ்பெற்ற சோதனைக்களம் சென்னைக் காப்புரிமை அலுவலகமே. புற்றுநோய் மருந்தொன்றின் பீட்டா படிக வடிவத்திற்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் அளித்த விண்ணப்பம் இங்கு 2006 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அம்முடிவை உறுதிசெய்தது. படிக வடிவம் பற்றிய அவ்வாதம், படிகக் கட்டமைப்பே உயிராக உள்ள சியோலைட்டுக்கும் பொருந்தும் வினாக்களை எழுப்புகிறது.

பரிசீலகரின் வினாக்கள்

சியோலைட்டு வினையூக்கிக்கான விண்ணப்பம் பரிசீலகரின் முன் வரும்போது, அவர் உரிமைக்கோரலை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கிறார். சாபசைட்டு இயற்கைக் கனிமம். இயற்கையில் உள்ளதைக் கண்டறிதல் 3(சி) பிரிவின்படி கண்டுபிடிப்பன்று. அக்கட்டமைப்புடைய செயற்கைப் பொருளான எஸ்.எஸ்.இசட்-13 வகைக்கு 1985-இலேயே செவ்ரான் நிறுவனம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. சியோலைட்டில் தாமிரம் ஏற்றுதலும், அம்மோனியாவால் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தலும் முன்பே அறியப்பட்டவை. அங்ஙனமாயின் புதியது எது?

விடை விகிதங்களிலும் நீடிப்புத்திறனிலும் உள்ளது. நீராவியோடு கூடிய கடும்வெப்பத்தில் பல மணிநேரம் வைத்த பின்னும் வினையூக்கி தளராமல் இயங்குவதை விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். ஒப்பீடு மிக நெருங்கிய பழைய பொருளோடு அமைந்ததா, தாமிர அளவும் வெப்பநிலையும் இரண்டிற்கும் ஒன்றா என்பன பரிசீலகர் கேட்க வேண்டிய வினாக்கள். வலுவற்ற பொருளோடு ஒப்பிட்டால் எதுவும் வலுவுடையதாகத் தோன்றும். மருந்தில் ‘பயன்திறன்’ என்பது நோய்தீர்க்கும் திறன் என உச்ச நீதிமன்றம் பொருள் கொண்டது. வினையூக்கியில் அது மாற்றுத்திறனா, வாழ்நாளா, இரண்டுமா என்பது தனியே சிந்திக்கத் தக்கது. ஊர்தி உரிமையாளரின் நோக்கில், வாழ்நாளைப் புறக்கணித்த திறன் பொருளற்றது.

இனி, உமிச்சாம்பலிலிருந்து சாபசைட்டு உருவாக்கும் முறைக்கு ஒருவர் உரிமை கோருவதாகக் கொள்வோம். உமிச்சாம்பல் சியோலைட்டுக்குச் சிலிக்கா தரும் என்ற பொதுக்கூற்றில் புதுமை இல்லை. 1981-ஆம் ஆண்டு வெளியீடே அதற்குச் சான்று. ஆனால் உமிச்சாம்பலில் பொட்டாசியம் போன்ற கார உலோகங்கள் கலந்திருக்கும். அவை இவ்வகை வினையூக்கியின் செயலைக் கெடுப்பவை. அவற்றைக் குறைந்த செலவில் நீக்கி, தளராத வினையூக்கியை ஒருவர் உருவாக்கிக் காட்டினால் அது உண்மையான கண்டுபிடிப்பாகக் கூடும். பொதுவாக அறியப்பட்டது எங்கே முடிகிறது, தனிமனித உழைப்பு எங்கே தொடங்குகிறது என்னும் எல்லையை வரைவதே பரிசீலனை.

எழுதப்படாத அறிவும் சான்றும்

மரபறிவாகவே அமையும் ஒன்று கண்டுபிடிப்பாகாது என்கிறது 3(பி) பிரிவு. உள்ளூர்ச் சமூகத்தில் வாய்மொழியாகவோ வேறு வகையிலோ வழங்கும் அறிவால் புதுமை அற்றுப்போயிற்று என்று காட்டி எதிர்ப்பு மனு அளிக்க 25ஆம் பிரிவு இடமளிக்கிறது. உரிமை வழங்கப்படுமுன் எவரும் இம்மனுவை அளிக்கலாம். வாய்மொழி அறிவைச் சட்டம் ஏற்கிறது. ஆயின் அதனை மெய்ப்பிக்கும் சுமை எதிர்ப்பவரைச் சார்ந்தது.

இரண்டு முன்நிகழ்வுகள் இதனைத் தெளிவாக்கும். மஞ்சளின் புண் ஆற்றும் பண்பிற்கு 1995-இல் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை 1997-இல் நீக்கப்பட்டது. அதற்கு உதவியவை இந்தியத் தரப்பு அளித்த எழுத்துச் சான்றுகள். வேம்பு சார்ந்த பூஞ்சைக்கொல்லிக்கான ஐரோப்பியக் காப்புரிமை 2000-இல் நீக்கப்பட்டு, அம்முடிவு 2005-இல் உறுதியானது. அதில் இந்தியத் தொழில்முனைவர் ஒருவரின் முன்பயன்பாட்டுச் சாட்சியம் முதன்மை பெற்றது. 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களையும் பரிசீலகர் படிக்கும் மொழிகளில் தருகிறது. எனினும் அதன் முதன்மைப் பரப்பு மருத்துவம். கருக்கிய உமியை எப்பக்குவத்தில் எடுப்பது, எவ்வளவு நேரம் எரிப்பது என்பன போன்ற கைத்தொழில் நுட்பங்கள் பெரிதும் அதற்கு வெளியே நிற்கின்றன.

இங்கு மிகைக்கூற்றைத் தவிர்த்தல் வேண்டும். சுவாமிமலை அச்சில் உமி சேர்ந்தது கொண்டு சியோலைட்டு தமிழர் கண்டது என்று வாதிட இயலாது. நுண்துளை மண்ணும் சியோலைட்டின் மூலக்கூற்றுக் கூடும் வெவ்வேறு. அத்தகைய வாதம் பரிசீலகரிடம் நில்லாததோடு, மெய்யான மரபறிவுச் சான்றின் மதிப்பையும் குலைக்கும். எரிப்பு வெப்பம், சாம்பலின் நிறம், அதன் தரம் ஆகியவற்றிடையே ஆலைத் தொழிலாளரும் கைவினைஞரும் கண்டறிந்த தொடர்புகளோ, உமிச்சாம்பலைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு ஒருவர் நாளை உரிமை கோரினால், நேரடிச் சான்றாக அமையக்கூடும்.

முடிவுரை

சியோலைட்டின் வரலாறு காப்புரிமை ஆவணங்களில் ஆண்டுவாரியாகப் பதிவாகியுள்ளது. உமியின் வரலாறு அவ்வாறு பதிவாகவில்லை. முன்பே அறியப்பட்டதைத் தேடும் பரிசீலகர், பதிவானதையே எளிதில் காண்கிறார். ஐயங்கார் அறிக்கை வழி உருவான சட்டம், அறியப்பட்டதற்கு விலை கொடுக்காமல் நாட்டைக் காக்க முனைகிறது. அக்காப்பு எவ்வளவு செயற்படும் என்பது, அறியப்பட்டது எவ்வளவு ஆவணமாகியுள்ளது என்பதைப் பொறுத்தது. ஆகவே படுகையின் ஆலைகளிலும் பட்டறைகளிலும் வழங்கும் நுட்பங்களை இடம், நாள், செய்முறை, அளவு ஆகியவற்றோடு பதிந்து வெளியிடுதல் தமிழாய்வின் கடமைகளுள் ஒன்றாகிறது. நாளிட்டு வெளியான தமிழ்க் கட்டுரையும் சட்டத்தின்முன் முந்தைய வெளியீடே. உமிச்சாம்பலிலிருந்து படுகையின் இளம் ஆய்வாளர் ஒருவர் மெய்யாகவே புதியதொன்றை உருவாக்கும் நாளில், அவருடைய உரிமையின் எல்லையைத் தெளிவாக்கவும் அத்தகைய பதிவே துணைநிற்கும்.