பொறிவேளை
"டைமிங் அவுட்டுண்ணே" என்றபடி, பழைய படகு மோட்டாரின் பாயின்ட் இடுக்கில் அரை மில்லிமீட்டர்த் தகட்டை நுழைத்துப் பார்த்தார் மெக்கானிக். நகைச்சுவை நடிகருக்குச் சொல்கிற அதே டைமிங்தான். இங்கே அதற்குப் பொருள், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு எத்தனை பாகை முன்பே பொறி பறக்க வேண்டும் என்பது. வேரைத் தோண்டினால், ஆங்கில ‘டைம்’, ‘டைட்’ இரண்டும் ஒரே குடும்பம். ‘டைட்’ முதலில் வேளையைத்தான் குறித்தது. கடல் ஓதமானது பின்னாளில். இந்தப் பொறியூட்டலுக்கான ஆங்கிலச் சொல் ‘இக்னிஷன்’. அதன் மூலமான லத்தீன் ‘இக்னிஸ்’, வடமொழி அக்னிக்கு உறவு. நம் ‘பொறி’ இன்னும் வளமானது: தீத்துளி, எந்திரம், எலிப்பொறி, ஐம்பொறி, கல்லில் பொறித்த எழுத்து. ‘இக்னிஷன் டைமிங்’ என்பதற்கு ‘எரியூட்டல் நேரம்’ எனக்கு நாவில் ஒட்டவில்லை, ‘பொறிவேளை’ போதும். முந்தினால் எஞ்சின் தட்டும், பிந்தினால் இழுக்காது. வேளை தப்பினால் எதுவுமே அப்படித்தானே!