சூட்டுக்குப் பழகிய உடம்பு

விருத்தாசலம் பீங்கான் சூளைகளில் புதிதாக வேலைக்கு வந்தவரை முதல் நாளே சூளைக்குள் விடமாட்டார்கள். மண் அரைக்கும் இடத்திலும் அச்சு வார்க்கும் இடத்திலும் சில நாள் நிற்க வேண்டும். பிறகு சூளை வாசலில் விறகும் கரியும் எடுத்துக் கொடுக்கும் வேலை. அதற்கப்புறம்தான் சரக்கு அடுக்க உள்ளே போகலாம். சுட்டு முடித்த சூளையைப் பிரித்துச் சரக்கை வெளியே எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. தலையில் நனைத்த சாக்கைப் போட்டுக்கொண்டு, ஆறியும் ஆறாமலும் இருக்கிற அந்த அறைக்குள் நுழைவதற்குப் பழகிய ஆட்களையே அனுப்புவார்கள். "ஒடம்பு மொதல்ல சூட்டப் பழகணும்டா தம்பி, அவசரப்படாத" என்று என் அப்பா புதுப் பையன்களிடம் சொல்வார். திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் போய் வந்து ஆயுசின் பெரும்பகுதியைச் சூளையடியில் கழித்தவர் அவர். நான் பள்ளியில் உயிரியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். அவர் சொன்னதற்குள் எவ்வளவு பெரிய விஷயம் இருந்தது என்பது பாடம் நடத்திய காலத்தில்தான் எனக்கு விளங்கியது.

நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது. கரிக்கு மேலே படிந்திருந்த வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்து வெளியே வந்தது. பக்கத்திலேயே ரயில் சந்திப்பாக இருந்த விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் ஊன்றியதற்கு அந்த மண் ஒரு முக்கியக் காரணம். தொழிற்பேட்டை, தொழில் கற்றுத்தரும் அரசு நிறுவனம், ஃப்யூஸ் கட்டை, பொம்மை, கழிவுநீர்க் குழாய் என்று ஊரின் பிழைப்பே சூளையைச் சுற்றி அமைந்தது. பீங்கான் வேக ஏறத்தாழ 1,250 டிகிரி செல்சியஸ் வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரிவதால், அந்த இடத்தை அவசரமாகத் தாண்டினால் சரக்கு வெடித்துப்போகும். மண்ணுக்கு இவ்வளவு நிதானம் காட்டியவர்கள் மனிதருக்கும் அதே நிதானத்தைக் காட்டினார்கள். எனக்கு அவர்கள்மேல் இருக்கும் மரியாதைக்கு இது ஒன்றே போதும்.

இனி அந்த உடம்புக்குள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

1960களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோஸ்ஸா பழ ஈக்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈக்கள் இருந்த பெட்டியின் வெப்பநிலையை உடன் வேலை செய்த ஒருவர் தெரியாமல் கூட்டிவிட்டார். மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள குரோமோசோம்களில் புதிய இடங்கள் வீங்கியிருந்தன. ஒரு மரபணு மும்முரமாக வேலை செய்கிறது என்பதற்கு அந்த வீக்கமே அடையாளம். உயிரியலுக்கு இதில் முக்கியம் எதுவும் இல்லை என்று ஒரு பெரிய இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1962இல் வேறோர் இதழில் அது வெளிவந்தது. அந்த வீக்கங்களிலிருந்து பிறக்கும் புரதங்களை 1974இல் ஆல்ஃபிரட் டிசியேரும் கூட்டாளிகளும் அடையாளம் கண்டார்கள். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற பெயர் நிலைத்தது.

இதில் நம் நாட்டவருக்கும் பங்குண்டு. பென்சமைட் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் அந்த வீக்கங்களில் ஒன்று மட்டும் எழும்புவதை 1970இல் சுபாஷ் லகோட்டியாவும் முகர்ஜியும் தெரிவித்தார்கள். அந்த ஓரிடத்தை லகோட்டியா பிறகு காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே உருவாகும் நீண்ட ஆர்.என்.ஏ. பெரிய புரதம் எதையும் உண்டாக்குவதில்லை; ஆனாலும் வெப்பத்தைச் சமாளிக்க அது செல்லுக்குத் தேவை. ஒரே கேள்வியோடு ஒரு வாழ்நாளைக் கழிக்கும் அந்தப் பொறுமையை என் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன்.

செல்லில் உள்ள ஒவ்வொரு புரதமும் தனக்குரிய வடிவத்தில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். சூடு கூடினால் மடிப்பு தளரும். உள்ளே மறைந்திருந்த, நீரோடு ஒட்டாத பகுதிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு கட்டியாகிவிடும். ஹெச்.எஸ்.பி. 70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் அப்படித் தளர்ந்தவற்றைப் பிடித்து, கட்டியாகாமல் தடுத்து, மறுபடி மடிய உதவுகின்றன. திருத்த முடியாதவை அழிவுக்குப் போகின்றன.

இந்தப் புரதங்களை எப்போது செய்வது, எப்போது நிறுத்துவது என்று செல் தீர்மானிக்கும் விதம்தான் எனக்குத் தீராத வியப்பு. ஹெச்.எஸ்.எஃப். 1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் சாதாரண நேரத்தில் தனித்தனியாக, ஹெச்.எஸ்.பி. 70, 90 ஆகியவற்றின் பிடியில் சும்மா இருக்கும். சூடேறியதும் அந்த உதவிப் புரதங்கள் உருக்குலைந்த புரதங்களைக் கவனிக்கப் போய்விடுகின்றன. பிடி விட்டதும் ஹெச்.எஸ்.எஃப். 1 மூன்று மூன்றாகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் தனக்கென்று உள்ள இடத்தைப் பற்றுகிறது. பழ ஈயில், மரபணுவைப் படியெடுக்கும் நொதி அந்த மரபணுவின் தொடக்கத்திலேயே முன்கூட்டி வந்து நின்றிருக்கிறது; உத்தரவு கிடைத்ததும் ஓடவேண்டியதுதான். சில நிமிடங்களில் உற்பத்தி தொடங்கிவிடுகிறது. மற்றப் புரதங்களின் உற்பத்தி அந்த நேரத்தில் குறைந்துபோகிறது.

தேவையான அளவு ஹெச்.எஸ்.பி. 70 சேர்ந்ததும், வேலையில்லாமல் மிஞ்சியவை திரும்பிவந்து ஹெச்.எஸ்.எஃப். 1ஐப் பிடித்துக்கொள்கின்றன. உற்பத்தி அடங்குகிறது. வேலை செய்யும் ஹெச்.எஸ்.பி. 70 சேரவிடாமல் தடுத்தால் உற்பத்தி அடங்குவதும் தள்ளிப்போகிறது என்று சூசன் லிண்ட்குவிஸ்டின் குழு 1982இல் பழ ஈச் செல்களில் காட்டியது. எவ்வளவு கேடு நடந்திருக்கிறது என்பதையே அளவாக வைத்துச் செல் நடந்துகொள்கிறது.

அப்பாவின் வார்த்தைக்கு நேரடியாகப் பொருந்துவது 1975இல் வந்த ஒரு சோதனை. கெர்னரும் ஷ்னைடரும் மனிதச் செல்களை ஒருமுறை சூடாக்கி, இடைவெளி விட்டு, மறுபடி சூடாக்கினார்கள். முன்பே சூடு பட்டவை இரண்டாவது சூட்டை அதிகமாகத் தாங்கின. அந்தத் தாங்கும் சக்தி நிலைக்காது. சில நாட்களில் கரைந்துவிடும்.

முழு உடம்பின் கதை இதைவிடப் பெரியது. தினமும் சூட்டில் வேலை செய்தால் வியர்வை சீக்கிரம் வரும், வியர்வையில் போகும் உப்பு குறையும், ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், இதயத்துடிப்பு நிதானமாகும். இதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பத்து நாள் வெப்பப் பழக்கத்துக்குப் பிறகு ரத்தச் செல்களில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் அளவு கூடுவதை 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1920களில் வெப்பத்தால் ஆட்கள் இறந்த பிறகு, 1930களில் ட்ரியோஸ்டி என்ற மருத்துவர் புதிய சுரங்கத் தொழிலாளர்களைப் படிப்படியாகச் சூட்டுக்குப் பழக்கும் முறையைக் கொண்டுவந்தார். அங்கே சாவைப் பார்த்துக் கற்றதை எங்கள் சூளைக்காரர்கள் வழக்கமாகவே வைத்திருந்தார்கள். இன்னொன்றையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். அறுவடைக்கென்று போய் ஒரு மாதம் கழித்து வருபவர் பழைய ஆளாக இருந்தாலும் மறுபடி வாசல் வேலையிலிருந்துதான் தொடங்குவார். உப்புப் போட்ட நீராகாரப் பானை எப்போதும் நிழலில் இருக்கும்.

இப்போது பல இடங்களில் ஆட்கள் ஒப்பந்தத்தில் வருகிறார்கள். சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் வெளிமாநில இளைஞர் ஒருவரை, ரயிலைவிட்டு இறங்கிய மறுநாளே, சித்திரை வெயிலில் சூளை பிரிக்க விட்டார்கள். மதியத்துக்குள் மயங்கி விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அவர் இளைஞர், பலசாலி. ஆனால் பலம் வேறு, பழக்கம் வேறு. வெளியிடங்களில் வெப்பத்தால் நேரும் தொழிலாளர் இறப்புகளில் பாதிக்கு மேல் வேலையின் முதல் சில நாட்களிலேயே நிகழ்வதாக அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது. புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் சூட்டில் வேலை, பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம் என்பது அந்நாட்டு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை.

வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் சொல்லியிருக்கிறது. நல்ல காரியம். சாகாமல் காப்பதற்கு அதைவிடக் குறைந்த செலவுதான் ஆகும். சூளையோ செங்கல் காளவாயோ உப்பளமோ நடத்துகிறவர்களுக்கும், ஆள் கூட்டி வரும் மேஸ்திரிகளுக்கும், தொழிற்சாலை ஆய்வாளர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பங்குனி பிறந்ததும் புதிதாக வருபவருக்கு ஒரு வாரமாவது குறைந்த சூட்டில், குறையாத கூலியில் வேலை கொடுங்கள். ஊருக்குப் போய்விட்டு வெகுநாள் கழித்துத் திரும்புபவரையும் புது ஆளாகவே நினைத்து நடத்துங்கள்.