செல்டா: ஒரு பெயர் கடந்த வழி

‘மங்கா’ என்று ஒருவர் சொன்னதும் தமிழ்ச்செவி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தைக் கேட்டதாக எண்ணிக்கொண்டு, மங்காப் புகழ், மங்காப் பொன் என்று அடுத்து வரவேண்டிய பெயர்ச்சொல்லுக்குக் காத்து நிற்கும். ஜப்பானிய மொழியிலோ அச்சொல் அவ்வளவில் முற்றுப்பெற்றுவிடுகிறது. அங்கே ‘மன்’ என்பது கட்டற்றது, நினைத்தபடி உலாவுவது. ‘கா’ என்பது படம். கை போன போக்கில் வரைந்த படங்கள் என்ற பொருளில் ஓவியர் ஹொக்குசாய் 1814 முதல் வெளியிட்ட தொகுதிகளுக்கு இப்பெயரே வழங்கியது. பின்னாளில் அது சித்திரக்கதைக்கே பொதுப்பெயராயிற்று. நம் ‘மங்கா’வுக்கும் அவர்கள் ‘மங்கா’வுக்கும் ஒலியன்றி வேறு உறவில்லை. சொல்லாராய்ச்சியில் முதலில் பழகவேண்டிய அடக்கம் இது என்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

வீடியோ கேம் என்று நாம் வழங்கும் நிகழ்பட விளையாட்டு மங்காவாக மாறும்போது, ஓவியர் முகங்களை மாற்றி வரையலாம், உரையாடலைக் கூட்டலாம், மூலத்தில் இல்லாத கிளைக்கதையையே நுழைக்கலாம். ‘செல்டாவின் கதை’ வரிசையில் 1998-இல் வந்த ‘ஒகாரினா’ விளையாட்டில் வெறும் பகைவிலங்காக நிற்கும் நெருப்பு டிராகனை, அவ்விளையாட்டை மங்காவாக்கிய அகிரா ஹிமெகாவா, நாயகன் லிங்க் சிறுவனாக இருந்தபோது சந்தையிலிருந்து காப்பாற்றிய குட்டியாக ஆக்கிவிட்டார். அதனால் பின்னர் அதை வாளால் எதிர்கொள்ளும் காட்சிக்கு விளையாட்டில் இல்லாத துயரம் வந்து சேர்ந்தது. இத்தனை உரிமை எடுத்துக்கொள்பவரும் பெயர்களில் கை வைப்பதில்லை. மூலத்தைப் படைத்தவர்கள் தமக்குப் பிடித்தவர்களுக்குச் செலுத்திய மறைவான வணக்கங்களெல்லாம், அதனால், பெயர்களுக்குள்ளேயே அழியாமல் மங்காவுக்கு வந்து சேர்கின்றன. அப்படி வந்த பெயர்களுள் தலையாயது, கதையின் இளவரசிக்குரிய ‘செல்டா’. அதை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்போம், வாருங்கள்.

பிரிப்பதற்கு முன், அவள் கதையை வரைந்த ஓவியர்களின் பெயர்களையும் சுவைத்துவிட வேண்டும். அகிரா ஹிமெகாவா என்பது ஒருவர் பெயரன்று. பெண் ஓவியர் இருவர் சேர்ந்து சூடிய புனைபெயர். ‘ஹிமெ’ என்றால் இளவரசி, ‘காவா’ என்றால் ஆறு. அரசகுமாரி ஒருத்தியின் கதையைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வரைந்தவர்களின் பெயரிலேயே ஓர் அரசகுமாரி இருக்கிறாள். இவர்களுக்கு முன், 1992-இல், அமெரிக்காவின் ‘நின்டெண்டோ பவர்’ இதழுக்காக அக்கதையைப் பன்னிரண்டு பகுதிகளாக வரைந்தவர் ஷோதாரோ இஷினோமோரி. இஷி என்றால் கல், மோரி என்றால் காடு. தாம் பிறந்த ஊரின் பெயரையே புனைபெயராகக் கொண்ட அவர், அதைக் கல், காடு ஆகிய இரண்டே எழுத்துகளால் எழுதிவந்தார். படித்தவர்களோ அதை ‘இஷிமோரி’ என்றே வாசித்தார்கள். 1980களின் நடுவில் அவர் இரண்டுக்கும் இடையே ‘நோ’ என்ற எழுத்தைச் சேர்த்தார். ‘நோ’ என்பது ‘உடைய’ என்று பொருள்படும் உருபு. நம் வழக்கில் சொன்னால், ஆறாம் வேற்றுமைத் தொகையாக இருந்த தம் பெயரை அவர் விரித்து எழுதிவிட்டார்! ‘செருதா நோ தென்செட்சு’, அதாவது செல்டாவின் கதை என்ற தலைப்பிலும் நடுவே நிற்பது இதே ‘நோ’தான்.

இனி ‘செல்டா’வுக்கு வருவோம். முதல் விளையாட்டு வெளிவந்தது 1986 பிப்ரவரி 21 அன்று. அதைப் படைத்த ஷிகேரு மியமோட்டோ, பெயர் வந்த வழியை மறைக்கவில்லை: அமெரிக்க நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி செல்டாவின் பெயர் அது, அதன் ஒலி பிடித்திருந்ததால் எடுத்துக்கொண்டேன் என்ற கருத்தில் பேட்டியளித்திருக்கிறார். பொருளுக்காக அன்றி ஒலிக்காக எடுத்த பெயர் என்பதைக் கவனியுங்கள். ஜப்பானிய எழுத்தில் அது ‘செ, ரு, தா’ போன்ற மூன்று எழுத்துகள். அவற்றுள் முதலும் ஈறும், அடிப்படை வல்லெழுத்தின் மேல் இரண்டு சிறு கீற்றுகள் இட்டு மென்மையாக்கப்பட்டவை. அந்த மொழியில் லகரத்துக்குத் தனி எழுத்து இல்லாததால், ‘ல்’ அங்கே ‘ரு’ ஆயிற்று.

அந்த அமெரிக்க செல்டா 1900-இல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் பிறந்தவர். நடனம், ஓவியம், எழுத்து மூன்றிலும் முயன்றவர். 1932-இல் நாவல் ஒன்றும் வெளியிட்டவர். கணவரின் புகழ் நிழலில் பாதி மறைந்துபோன அவருடைய பெயரும் ஒரு கதையிலிருந்து வந்ததே. 1866-இல் ஜேன் ஹோவர்டும், 1874-இல் ராபர்ட் எட்வர்ட் ஃபிரான்சில்லனும் எழுதிய கதைகளில் செல்டா என்ற நாயகியர் வருகிறார்கள். அவற்றைப் படித்த தாய் தம் மகளுக்கு அப்பெயரைச் சூட்டினார் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். ஆக, மங்கா வாசகர் ஒருவர் ‘செல்டா’ என்று வாய்விட்டுப் படிக்கும்போது, ஒரு கற்பனைப் பெண்ணிடமிருந்து உயிருள்ள பெண்ணுக்கும், அவரிடமிருந்து மீண்டும் ஒரு கற்பனைப் பெண்ணுக்கும் கைமாறிய பெயரை உச்சரிக்கிறார்.

இன்னும் கீழே தோண்டினால் இரண்டு வேர்கள் தட்டுப்படும். ஒன்று, கிரிசெல்டா. 14-ஆம் நூற்றாண்டில் இத்தாலியர் பொக்காச்சியோ எழுதிய ‘தெக்கமரோன்’ நூலின் நூறாவது கதையில், கணவன் வைக்கும் கொடிய சோதனைகளையெல்லாம் வாய்திறவாமல் பொறுக்கும் பெண் அவள். பெத்ரார்க் அக்கதையை இலத்தீனில் ஆக்கினார். சாசர் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். பொறுமைக்கே பெயர் கிரிசெல்டா என்று ஐரோப்பா சொல்லலாயிற்று. சொல்லின் உட்கூறோ வேறு கதை பேசுகிறது. பழைய செருமானிய மொழிகளில் ‘கிரீஸ்’ என்றால் சாம்பல் நிறம், ‘ஹில்ட்’ என்றால் போர் என்று பிரிப்பர். மெட்டில்டா, ஹில்டா என்ற பெயர்களிலும் நிற்பது அந்தப் போர்ச்சொல்லே. கிரிசெல்டா தேய்ந்து ‘செல்டா’ ஆனபோது முன்பாதி அறுந்தது. ஆனால் வெட்டு சரியாக விழவில்லை. ‘கிரீஸ்’ என்பதன் ஈற்றொலி அறுபடாமல் ஒட்டிக்கொண்டு, எஞ்சிய பெயருக்கு முதலெழுத்தானது. பொறுமையின் திருவுருவாக நிறுத்தப்பட்ட பெண்ணின் பெயரில், வேர்வரை போனால், மிஞ்சுவது போர்! ஒகாரினா மங்காவில் ஏழாண்டுகள் மாறுவேடத்தில் பகைவனை எதிர்த்து நிற்கும் இளவரசிக்கு இது பொருந்திவிட்டதை எண்ணி மகிழலாம்.

மற்றொரு வேர் யூதர்களின் யித்திஷ் மொழியில் இருக்கிறது. அங்கே ‘செலிக்’ என்ற ஆண்பெயருக்குப் பெண்பால் ‘செல்டா’. பொருள், பேறு பெற்றவள், மகிழ்ச்சி உடையவள். செலிக்கின் செருமானிய வேரிலிருந்தே கிளைத்த ஆங்கிலச் சொல் ‘சில்லி’. பேறு பெற்றவன் என்று தொடங்கி, கள்ளமற்றவன் என்றாகி, பிறகு இரங்கத்தக்கவன் என்று இறங்கி, இன்று அசடன் என்ற பொருளில் வந்து நிற்கிறது. இந்த இடத்தில் நம்மவர் நாவில் ‘செல்வி’ துள்ளி வரும். பேறுடையவள் என்ற பொருளும் ஒத்து, முதல் ஒலியும் ஒத்திருக்கக் கண்டால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் செல்வம் தமிழ் வேர், செலிக் செருமானிய வேர். ‘மங்கா’வில் கற்ற அடக்கத்தை இங்கே கைவிடலாகாது.

பெயர் விளையாட்டுக்குள் வந்த பின்னும் அதன் வளர்ச்சி நிற்கவில்லை. 1987-இல் வந்த இரண்டாம் விளையாட்டின் கையேடு ஒரு பழங்கதை கூறுகிறது: மந்திரத் துயிலில் ஆழ்ந்த செல்டா என்ற அரசகுமாரியின் நினைவாக, இனி அரச குடியில் பிறக்கும் பெண்மக்கள் எல்லாருக்கும் அப்பெயரே இடப்படவேண்டும் என்று அவள் அண்ணன் ஆணையிட்டான். ஒரே ஆணையில் இயற்பெயர் பட்டப்பெயராகிவிட்டது. வேறுவேறு காலத்துக் கதைகளில் வேறுவேறு இளவரசியர் ஒரே பெயருடன் வருவதற்கு இதனால் வழி கிடைத்தது.

அதே இரண்டாம் விளையாட்டில் ஏழு ஊர்ப்பெயர்கள் உண்டு: ரவுரு, ரூதோ, சரியா, மிதோ, நபூரு, தருனியா, கசுதோ. பதினொரு ஆண்டுகள் கழித்து ஒகாரினா வந்தபோது ரவுரு, சரியா, தருனியா, ரூதோ, நபூரு என்ற ஐந்தும் முனிவர்களின் பெயர்களாயின. மிதோ, காட்டுச் சிறுவர் கூட்டத்தின் அடாவடித் தலைவனுக்குப் போயிற்று. கசுதோவுக்கு மட்டும் ஆள் வாய்க்கவில்லை. கதையின் கால ஓட்டத்தில் ஒகாரினா முந்தியது என்பதால், முனிவர்களைப் போற்றித்தான் பிற்காலத்தார் ஊர்களுக்குப் பெயரிட்டார்கள் என்று உள்ளிருந்து பொருள் கொள்ள வேண்டும். படைத்தவர்களின் நாட்குறிப்பில் ஊர்தான் முந்தி, ஆள் பிந்தி. பழனி, சிதம்பரம் என்று ஊர்ப்பெயரைப் பிள்ளைக்கு இட்டு அழைக்கும் நமக்கு இந்த இடமாற்றம் புதிதன்று. பழைய விளையாட்டை ஆடியவர் ஹிமெகாவாவின் பக்கங்களில் இப்பெயர்களைக் காணும்போது புன்னகைப்பார். ஆடாதவர் கதையோடு போய்விடுவார். மறைவான வணக்கத்தின் இலக்கணமே இதுதான்: அறிந்தவருக்கு விருந்து, அறியாதவருக்கு இடறல் இல்லை.

ஒகாரினாவில் வரும் பண்ணைவீட்டுச் சிறுமி மேலனின் பெயரில் இதைவிட நுட்பமான வேலை நடந்திருக்கிறது. 1993-இல் வந்த வேறொரு விளையாட்டில், தீவொன்றில் பாட்டுப் பாடும் பெண்ணின் பெயர் மரின். அவளோடு இருப்பவர் தரின். ஒகாரினாவில் அவர்களின் சாயலில் ஒரு மகளும் தந்தையும் வருகிறார்கள்; ஜப்பானிய மொழியில் பெயர்கள் மரோன், தரோன். ஓர் உயிர் மாறியதில் பொருளும் மாறிவிட்டது: ‘மரின்’ கடலை நினைவூட்டும், ‘மரோன்’ பிரெஞ்சிலிருந்து ஜப்பானியர் வாங்கி வழங்கும் கஷ்கொட்டைப் பெயர். தீவுப்பெண் கடலாகவும், செம்பட்டைக் கூந்தல் பண்ணைப்பெண் கொட்டையாகவும் ஆன பொருத்தத்தைச் சொல்லி முடியாது. ஆங்கிலத்தில் ரகரம் லகரமாகி ‘மேலன்’ என்றானதும் அந்தக் கஷ்கொட்டை மறைந்துபோயிற்று. பந்தல் பந்தராகவும் சாம்பல் சாம்பராகவும் போலியாய் நிற்கும் மொழியில் பிறந்த நமக்கு லகர ரகரத்தின் உறவு புரியும். போலியில் பொருள் மாறாது, இங்கே பொருளே போய்விட்டது என்பதுதான் வேறுபாடு.

கடைசி அடுக்கு, இளவரசியின் மாறுவேடப் பெயர்: ஷீக். அரபு மொழியில் முதியவரையும் தலைவரையும் குறிக்கும் ‘ஷைகு’ என்ற சொல்லை ஆங்கிலர் எழுதும் முறைகளில் ஒன்று அது. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் பெயரில் ‘செய்கு’ என்று தமிழ் உடை உடுத்தி நிற்பதும் அதே சொல்தான். ஜப்பானிய எழுத்தில் இச்சொல்லும், தேடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் ஒரே வடிவம் பெறுவதால், ஒளிந்து தேடும் ஆட்டத்தின் நினைப்பும் அங்கே சேர்ந்துகொள்கிறது. இதற்கும் மேல் ஒன்று. 1921-இல் ருடால்ஃப் வாலன்டினோ நடித்த திரைப்படம் ஒன்றின் புகழால், அமெரிக்க இளைஞர் பேச்சில் ‘ஷீக்’ என்பது பெண்களை மயக்கும் மிடுக்கான ஆண்மகனுக்குப் பட்டமாயிற்று. அதே ஆண்டுகளில், கட்டறுத்த புதுமைப் பெண்ணுக்கு நாடறிந்த எடுத்துக்காட்டாக விளங்கியவர் செல்டா ஃபிட்ஸ்ஜெரால்டு. அந்தப் பத்தாண்டின் பெண் அடையாளமாக இருந்த பெயர், ஒளிந்துகொள்ள வேண்டி வந்தபோது, அதே பத்தாண்டின் ஆண் அடையாளத்தை அணிந்துகொண்டது! இது திட்டமிட்ட வணக்கம் என்று நான் வாதாடவில்லை; எழுதுபவர் எண்ணாவிட்டாலும் சொற்கள் தம் பழைய சுற்றத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் என்பதற்குச் சான்றாகவே வைக்கிறேன்.

இந்தப் பெயர் மறுபடியும் மனிதருக்குத் திரும்பியும் வந்திருக்கிறது. அமெரிக்க நடிகர் ராபின் வில்லியம்ஸ் தம் மகளுக்கு செல்டா என்று பெயரிட்டது இந்த விளையாட்டின் மீதுள்ள பற்றினால். தந்தையும் மகளும் 2011-இல் ஒகாரினாவின் மறுபதிப்பு விளம்பரத்தில் சேர்ந்து தோன்றினார்கள்.

தமிழில் இப்பெயரை எப்படி எழுதுவது? ஸெல்டா, ஜெல்டா, செல்டா என்று மூன்று வழக்கும் இருக்கின்றன. மூலத்தின் முதலொலி ஸகரமும் அன்று, ஜகரமும் அன்று. கிரந்தத்தை அழைத்தாலும் அது வந்து உதவப்போவதில்லை. ஜப்பானியரே சகர வகை எழுத்தின் மேல் இரண்டு கீற்று இட்டுத்தான் அதை உண்டாக்கினார்கள். வடசொல்லை வடவெழுத்து நீக்கி நம் எழுத்தால் எழுதுக என்ற தொல்காப்பியர் நெறி இந்த அயற்சொல்லுக்கும் இடையூறின்றிப் பொருந்துகிறது. லகர மெய்க்குப் பின் டகரம் மயங்காது என்று இலக்கணம் அறிந்தவர் முணுமுணுப்பர். அயற்பெயருக்கு அந்த ஒரு விலக்கை அளிப்பதில் தமிழ் குறைந்துவிடாது. மூன்றிலும் குறை சமமாக இருக்கும்போது நம் எழுத்தே போதும். செல்டா என்றே எழுதுங்கள்.